பத்துக்கு எத்தனை

பத்தொன்பது வருஷம் ஒரே கேள்வி.
வலி, பத்துக்கு எத்தனை?
குன்னூர் ஆஸ்பத்திரி மாடியில்
பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் முட்டி.
அருவங்காடு ஃபாக்டரிக்காரர்கள்
லீவு வேண்டுமென்றால் ஒன்பது என்பார்கள்,
லீவு தீர்ந்துவிட்டால் மூன்று.
கொழுந்து கிள்ளுகிற பெண்கள் எண்ணே சொல்வதில்லை.
"இருக்கு மேடம்."
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தோள்பட்டைக்காக வந்துகொண்டிருந்த போஜன்
ஒருநாள் கேரட் சாக்கோடு வந்தார்.
சாக்குக்குள் சுக்கு.
பனிமூட்டத்தில் காட்டுமாடு எத்திவிட்டதாம்.
முன்பாதி நாய்,
பின்பாதி ஈரத்துணி.
இது மனுஷ ஆஸ்பத்திரி என்றேன்.
"காலுதானே மேடம்."
ஒன்பது என்று சொல்லியிருந்த கையால்தான்
சாக்கைத் தூக்கி என் மேஜைமேல் வைத்தார்.
நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கால்நடை டாக்டர் பெனிட்டா படம் எடுத்துப் பார்த்துவிட்டு
பின்னங்கால் விரலை இடுக்கியால் கிள்ளினார்.
சுக்கு தலையைத் திருப்பி
யார் அது என்பதுபோல் பார்த்தது.
"அது போதும்" என்றார்.
"மருந்து என் பொறுப்பு. கால் உங்க பொறுப்பு."

அன்றிரவு கூடத்துத் தரையில்
நாலு காலில் நடந்து பார்த்தேன்.
எடையெல்லாம் முன்னுக்கு வருகிறது,
மணிக்கட்டு எரிகிறது.
பின்பக்கமாய் மடிவதை
நாற்பத்திரண்டு வயதுவரை முட்டி என்று நினைத்திருந்தேன்.
அது குதிகால்.
பிறந்ததிலிருந்து நுனிக்காலில் நிற்கிறது நாய்.
வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி
"ஏதாவது தொலைஞ்சிடுச்சா?" என்றார்.

பாலாடாவில் கேரட் கழுவும் தொட்டி
மத்தியானத்துக்கு மேல் சும்மாதான் கிடக்கும்.
மண் வடித்து, விளக்குமாறு போட்டுத் தேய்த்து
அண்டா அண்டாவாய் வெந்நீர் ஊற்றினோம்.
முழங்கையை விட்டுப் பார்த்தேன்:
பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு.
போஜனின் மருமகள் துண்டைத் தொட்டிலாக்கி
வயிற்றடியில் பிடித்தாள்.
தண்ணீர் எடையை வாங்கிக்கொண்டது.
ஓரத்தில் ஒட்டியிருந்த கேரட் தழை
சுக்குவின் மூக்கைச் சுற்றிச்சுற்றி வந்தது.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், பழக்கதோஷம்.
நாலில் அது உதட்டை நக்கியது.
காது பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.
நிறுத்தினேன்.
மனிதர்களிடம்
"இன்னும் ஆறுதான், முடிஞ்சிடும்" என்றிருப்பேன்.
எத்தனை பேர்
நாலிலேயே உதட்டை நக்கினார்களோ.

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.
என் வெள்ளைக் கோட்டில் நாய் முடி,
நோயாளிகள் புகார்.
எந்த நோயாளி என்று கேட்டேன்.
ஃபைலைப் புரட்டினார், ஃபேனைப் பார்த்தார்.
மார்ச் கடைசியில் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுத்
திருப்பிக் கொடுத்தேன்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
போனில் "ஆஸ்பத்திரி எப்படி இருக்கு" என்கிறாள்.
குளிர்தான் அதிகம் என்கிறேன்.

இப்போது வாரம் ஏழு நாய்கள்.
மாடிப்படி இறங்க மறுக்கும் எஸ்டேட் டாஷண்ட்.
வெலிங்டன் பஸ் நிறுத்தத்துக் கறுப்பன்,
மூன்று கால்,
நாலாவது இருப்பதாகவே நினைத்துச் சொறிகிறான்.
பணம் பாதிப்பேர் தருகிறார்கள்.
மீதிப்பேர் முட்டைக்கோஸ்.

ஐம்பத்து மூன்றாம் நாள் சுக்கு எழுந்து நின்றது.
நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.
இடது பின்னங்கால் நகம் சிமெண்டில் இழுபடும்.
சர்ர்ர்… தட்.
சர்ர்ர்… தட்.
மழையில்லாத நாளில் அந்தச் சத்தம்
மேட்டுத் திருப்பத்திலேயே கேட்டுவிடும்,
போஜனின் செருப்புச் சத்தத்துக்கும் முன்னால்.

இன்று கதவைத் திறக்காமல்
உள்ளேயே நின்று கேட்டேன்.
சர்ர்… தட்.
நோட்டில் பத்துக் கட்டங்கள் இருந்தன.
எதிலும் சேராமல் ஓரத்தில் எழுதினேன்:
சர் கொஞ்சம் குட்டை.