நான்கரை மணி நேர வாடகை

மூன்றரைக்கு ஏறினார்.
சாம்பல் தொப்பி, மடியில் குடை.
மெந்தோசாவில் யாரும் குடை தூக்கித் திரிவதில்லை.
ப்யூனஸ் அயர்ஸ்காரர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

ரசீதில் என் பெயரைத் தேடிப் படித்து,
"நெலிதா, அவசரமே இல்லை" என்றார்.
எட்டு மணிவரைக்கும் மகள் பணம் கட்டியிருக்கிறாள்.
நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன்.
பின்னால் வந்த தக்காளி லாரி
மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுத்
திட்டிக்கொண்டே முந்திப் போனது.

ஒரு பக்கம் பாப்லர் மரங்கள்.
மறுபக்கம் ஆலங்கட்டிக்குப் பயந்து
கறுப்பு வலை போர்த்திய கொடிகள்.
எல்லாவற்றுக்கும் பின்னால் மலை,
பனி வைத்தது வைத்தபடி.

தோட்டத்தில் அவருக்கு மட்டும் ஒரு மேசை,
மூன்று கோப்பைகள்.
நான் வழக்கம்போல வண்டியோரம்
பீச் பழம் தின்றுகொண்டிருந்தேன்.
தொப்பியைக் கழற்றி அசைத்துக் கூப்பிட்டார்.

போன குளிர்காலத்துக் காய்ச்சலில் மூக்கு போய்விட்டதாம்.
நாற்பத்தோரு வருஷம் மருந்துக்கடை.
மூடி திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டே
மருந்தின் பெயரைச் சொன்னவர்.
இப்போது காபியும் வெந்நீரும் ஒன்று.
"குடிக்கிறது என் பாடு. நீங்கள் முகர்ந்து சொல்லுங்கள்."

வண்டி எடுக்கும் நாளில் ஒரு சொட்டும் தொடமாட்டேன்.
முகரக் கூடாதென்று சட்டம் ஏதும் இல்லை.

"பிளம். கொஞ்சம் மிளகு."
"அது அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, நெலிதா."

திரும்ப மூக்கை விட்டேன்.
மழையில் நனைந்த நாயை வண்டியில் ஏற்றிய நாள்.
தம்பியின் கால்பந்துக் காலணி.
அப்புறம், சொல்ல வெட்கம்தான்,
பெட்ரோல் பங்க்.
ஒரு மிடறு விழுங்கிவிட்டுச் சிரித்தார்.
ஊற்றிக்கொடுத்த பெண் சிரிக்கவில்லை.

இரண்டாவதில் தையல் மெஷின் எண்ணெய்.

மூன்றாவதில் எனக்கு ஒன்றுமே வரவில்லை.
சும்மா, "தேவாலயம்" என்று சொல்லிவைத்தேன்.
கோப்பையை உதட்டோரம் பிடித்தபடி
நெடுநேரம் இருந்தார்.
"ஆமாம்" என்றார்.
"மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த பிறகு."
நான் திருத்தவில்லை.

அடுத்த தோட்டத்தில் ஐந்தரைக்கு முன்பதிவு இருந்தது.
போகவில்லை.
கண்ணாடிகளை இறக்கச் சொல்லி முன் இருக்கைக்கு மாறிக்கொண்டார்.
வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்:
புழுதி.
வாய்க்கால் பாசி.
யாரோ இறைச்சி சுடுகிறார்கள், எரிவது கொடிக்கட்டை.
இது என் பிரேக், பயப்படாதீர்கள்.
இங்கே ஒன்றுமில்லை.
"ஒன்றுமில்லை என்றால் எப்படி இருக்கிறது?" என்றார்.
அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.
வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை
இருவரும் பேசவில்லை.

விடுதி வாசலில் குடையை மறந்து இறங்கினார்.
ஓடிப்போய்க் கொடுத்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது
இடது கைப்பட்டியில் ஒரு துளி,
மூன்றாவது கோப்பையாகத்தான் இருக்கும்.
வாளியில் போடுமுன் முகர்ந்து பார்த்தேன்.
சோப்பு வாசனைதான் வந்தது.
குழாயை மூடிவிட்டு
இன்னொரு முறை முகர்ந்தேன்.