அரைச் சுற்று

என் கடையில் எல்லோரும் பொய் சொல்வார்கள்.
எடை கேட்டால் கோடைக்கால எடை.
வயது கேட்டால், பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துவிட்டு ஒரு வயது.
எப்படிச் சறுக்குவீர்கள் என்றால்
நிதானமாக என்று ஒருவரும் சொன்னதில்லை,
சூரிச்சிலிருந்து வந்த ஒரு பாதிரியாரைத் தவிர.

பூட்ஸின் அடிநீளம் மட்டும் பொய் சொல்லாது.
குதிகாலருகே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும்.
முந்நூற்றைந்து.
அது மத்லைனாவுடையது.

இந்தப் பள்ளத்தாக்கின் மஞ்சள் தபால் பேருந்தை ஓட்டுகிறவள்.
நாலு வருடம் முன் அட்டவணை அவளுக்கு ஏழு என்றது.
“ஒன்பது வை, ரியெட். பாதியில் கழன்றால் எனக்குப் பிடிக்காது.”
ஊரில் யாரைவிடவும் நன்றாகச் சறுக்குவாள்.
அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.
ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினேன்.
பிறகு இன்னொரு அரைச் சுற்று.
ஸ்பிரிங் இறுகுவதற்குச் சத்தம் கிடையாது.

விழுந்தது செங்குத்துச் சரிவில் அல்ல.
லிஃப்டுக்குப் பக்கத்தில், கையுறையைக் கழற்றிக்கொண்டே,
நடக்கிற வேகத்தில்.
பலகை ஒரு பக்கம் திரும்பியது, உடம்பு மறுபக்கம்.
வேகமாக விழுந்தால் அந்த வேகமே பைண்டிங்கைத் திறந்துவிடும்.
மெதுவாக விழுந்தால்தான் முறுக்கும், ஈரத்துணியைப் பிழிவதுபோல.
பைண்டிங் விடவில்லை. உடும்புப் பிடி.
எலும்பு விட்டது.

நாலு மாதம், காலை ஏழு பத்துக்கு,
வேறொருவன் அந்தப் பேருந்தை ஓட்டிப்போனான்.
வளைவுகளில் ஹாரனை நீளமாக அடித்தான். பயந்தவன்.
அது கடந்துபோகும்வரை
ஷட்டரைத் தூக்காமல் உள்ளேயே நின்றிருப்பேன்.
யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.
படிவத்தில் அவள் கையெழுத்து இருந்தது.
அதைத்தான் முதலில் தேடி எடுத்தேன்,
அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்.

இன்று வந்தாள், தோளில் புதுப் பலகைகளோடு.
மேஜைமேல் மூன்று ஜோடியை வைத்தேன்.

முதலாவது முழுக்க உலோகம், பந்தயக்காரர்களுக்கானது.
ஆறில் தொடங்கிப் பதினாறுவரை.
சந்தையில் கோழியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தாள்.
“இப்போது உனக்கு ஐந்துக்குப் பக்கம் வரும்.
உன் எண் இதன் வாசலுக்கு வெளியே நிற்கிறது” என்றேன்.

இரண்டாவது மலையேறிப் போய்ச் சறுக்குவோருக்கு.
இரண்டு ஊசிகள் பூட்ஸின் மூக்கை நண்டுபோலக் கவ்வும்.
கையில் வைத்தது தெரியாத எடை.
ஏறவேண்டும் என்று ஆசைதான், என்றாள்.
ஏறலாம். உன் பூட்ஸில் அதற்கான துளை இல்லை, அது ஒன்று.
முறுக்கும்போது இது சரியான நேரத்தில் விடுமென்று
என்னால் சத்தியம் செய்ய முடியாது, அது இன்னொன்று.

மூன்றாவது பிளாஸ்டிக்.
பல் டாக்டரின் சுவர் நிறம்.
மூன்றிலிருந்து பத்து. ஐந்துக்கு இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் உண்டு.
சின்னத் தடுமாற்றம் என்றால்
முனை கொஞ்சம் நகர்ந்து கொடுத்துவிட்டுத் தானே திரும்பி வரும்.
பலகையின் இடுப்பு எண்பத்தெட்டு, பிரேக் தொண்ணூறு: உரசாது.
முதலாவதில் பாதி விலை.

“அசிங்கமாக இருக்கிறது.”
“ஆமாம்.”

படிவத்தை இழுத்துக்கொண்டாள்.
வயது ஐம்பத்தொன்று என்று எழுதினாள்.
எடையைக் கிராம்வரைக்கும் எழுதினாள்.
எப்படிச் சறுக்குவீர்கள் என்ற இடத்தில் பேனா நின்றது.
வெளியே யாரோ பனியை வாரிக்கொண்டிருந்தார்கள்.
அவள் நடுக்கட்டத்தில் குறியிட்டாள், வேகமாக,
ஊசி போட்டுக்கொள்பவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல.

அட்டவணை ஐந்து என்றது.
நானும் ஐந்து என்றேன்.

துளையிட்டு, பொருத்தி, பலகையைத் தரைவிரிப்பில் வைத்தேன்.
மிதித்து ஏறினாள்.
“முறுக்கிப் பார்.”
முறுக்கினாள், பிடித்திருந்தது.
“பயப்படாதே, இன்னும்.”
அவளிடம் சொன்னேனா என்னிடமா, தெரியவில்லை.

டக்.

முனை திறந்து, பூட்ஸ் பக்கவாட்டில் வெளியே வந்து நின்றது,
கால் உள்ளே முழுசாக.
மெழுகு வாங்க வந்திருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே குனிந்து கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு அடியில் இல்லாத பனியைத் தட்டிவிட்டு,
முனையை நுழைத்து, குதிகாலை அழுத்தினாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.