ஊறட்டும்

விடியக் கொழும்பிலிருந்து வந்து நிற்கிறது
வெள்ளைக் கார்.
முகம் முழுக்க ஈசல்.

"சுரண்டித் தள்ளு தங்கச்சி, அவசரம்."

சுரண்டினால் பெயின்ற் போகும்.
வெயிலில் விட்டாலும் போகும்;
செத்ததின் புளிப்பு
மினுக்கத்தைத் தின்னத் தொடங்கும்.
நிழலுக்கு எடுக்கச் சொன்னேன்.
ஷம்பூத் தண்ணியில் தோய்த்த துவாயைப்
பொனற்றில் போர்த்தினேன்,
காய்ச்சல்காரனுக்குப் போடுவதுபோல்.
பத்து நிமிடம்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
நான் ஒரு செட்டையை
நகத்தில் ஏந்திப் பார்த்தேன்.

"எவடத்தில அண்ணை இவ்வளவும் அடிச்சது?"
"கனகராயன்குளத்தடியில.
வைப்பர் போட்டன், இருந்த கண்ணாடியும் மறைஞ்சு போச்சு."

மாங்குளத்தில் ஒரு துளி இல்லை.
அங்கே மண் வாய் திறந்திருக்கிறது.

துவாயை அழுத்தாமல் இழுத்தேன்.
கழன்று வந்தன,
பம்பர் மூலையில் ஒன்றைத் தவிர.
அதற்குத் திரும்பவும் ஈரத்துணி வைத்துவிட்டு
நுரைக் கையோடு போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ,
உழவு மிஷினுக்குச் சொல்லி வையுங்கோ.
எங்கட காணிப் பக்கம் பெய்திட்டுது."
"ஆர் சொன்னது?"

சொன்னால் சிரிப்பார்.

"முடிஞ்சுதோ தங்கச்சி?"
"இன்னும் ஒண்டு கிடக்கு அண்ணை.
ஊறட்டும்."