பதினான்காம் எண் அறை

ஹாரிஸ்மித்தில் இரவு ஒன்பதரை.
வான் ரீனன் கணவாய் முழுக்க மூடுபனி.
முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை நம்பி
டர்பனிலிருந்து வந்தவனுக்கு
பலகையில் எரிந்த நான்கு எழுத்தே போதுமாயிருந்தது.
மிச்ச எழுத்துகள் அணைந்து கிடந்தன.
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அறுநூற்றுத் தொண்ணூறு ராண்ட், முன்பணமாக.
சாவிக்கு நூறு தனி, காலையில் திரும்பி வரும்.
மேசைக்காரியின் பெயர்வில்லையில் ஷார்மேன்.
கூப்பிட்டேன், நிமிரவில்லை.
"அது போன பெண்ணோடது" என்றாள்.
தன் பெயரைச் சொல்லவில்லை.

அறை எனக்குப் பழகிய அறைதான்.
இதே கம்பெனியின் நியூகாசில் கிளையில் படுத்திருக்கிறேன்,
வெல்கமில், க்ரூன்ஸ்டாடில்.
எங்கும் அதே வரிக்குதிரைப் படம்,
நான்கு மூலையும் திருகாணி முடுக்கி.
கழற்ற முடியாத ஹேங்கர்.
சங்கிலி போட்ட ரிமோட்.
வாசலில் விருந்தாளி என்று எழுதிவிட்டு
உள்ளே திருடனுக்குச் செய்த அறை.

ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும்
வெட்கப்பட்டதுபோல் சிவந்தது.
குழாய் முதலில் இருமியது,
பிறகு துருநிறத்தில் துப்பியது.
சோப்பில் ஒரு நீள முடி.
எனக்குத் தலையில் முடியே கிடையாது.

நான் காதுக்கருவி விற்பவன்.
பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் ஐயா
என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவன்.
அன்றைக்குக் கருவி இல்லாமலே கேட்டது.

ஐ ஆம் சாரி, புசிசிவே.

சுவருக்கு அந்தப் பக்கம், ஆண் குரல்.
போனில் பேசுகிறான் என்று நினைத்தேன்.
மறுபடியும், இந்த முறை மெல்ல.
பிறகு பெயரை முன்னால் வைத்து.
பிறகு சூலுவில். எனக்கு அரைகுறையாகத்தான் புரியும்:
காசு, பிள்ளை, பள்ளிக்கூடம்,
நடுவில் ஒரு பொய்யைப் பற்றி ஏதோ.
தொண்டையைச் செருமிக்கொண்டு
முதலிலிருந்து.

நேர்காணலுக்குப் போகிறவன்போல்
மன்னிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு. பன்னிரண்டே முக்கால்.
பத்து மணிக்கு நான் ஜோகனஸ்பர்க்கில் ஒரு டாக்டர் முன்னால்
சிரித்தபடி நிற்க வேண்டும்.
செருப்பைக் கழற்றிச் சுவரில் மூன்று தட்டு.

ஒரு நொடி ஒன்றுமில்லை.
"சாரி" என்றான்.

அது எனக்கு.
நாற்பது தடவை ஒத்திகை பார்த்ததில்
ஒன்றுகூட இப்படி விழவில்லை.
இதையே போய் அவளிடம் சொல்லப்பா,
பெயர்கூட வேண்டாம், இதே மாதிரி,
என்று சுவரில் வாய் வைத்துக் கத்தலாமா என யோசித்தேன்.
யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை.
தூக்கம் கெட்டது அதில்தான்.
மேட்டில் கியர் மாற்றும் லாரிகளை எண்ணினேன்.
ஸ்டாங்கரில் என் தம்பி வீட்டுக்குத் திரும்பும் சாலையில்
பதினோரு வருடமாகத் திரும்பாமல் போகிறவன் நான்.
ஒத்திகைகூடப் பார்த்ததில்லை.

காலை உணவு இலவசம்.
ஆறிய ரொட்டி, மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம்.
மேசைகளில் மூன்று ஆண்கள், மூவரும் குட் மார்னிங் சொன்னார்கள்.
யாராவது சாரி என்றிருந்தால்
கண்டுபிடித்திருப்பேன்.

கருத்துத் தாளில் ஐந்து முகம்,
சிரிப்பிலிருந்து அழுகை வரை.
படுக்கை எப்படி, பல்பு எப்படி, பணியாளர் எப்படி.
சுவரைப் பற்றிக் கேள்வி இல்லை.
எந்த முகத்திலும் பேனா படாமல் மடித்து வைத்தேன்.

சாவியைக் கொடுத்து நூறு ராண்டுக்குக் கை நீட்டினேன்.
ஷார்மேன் இல்லாதவள் கல்லாவைத் திறந்து காட்டினாள்.
"சாரி, சில்லறை இல்லை."

எங்கும் தடுக்காத சாரி.
நல்ல பயிற்சி.