வலயம் நான்கு

உறுதியில் எல்லாம் எழுதியிருந்தது.
ஆறரைப் பேர்ச், வடக்கே கிருலப்பனைக் கால்வாய்,
பலாமரத்தில் பாதி அடுத்த வளவுக்கு,
கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழலாம் என்பது வரை.
வாசற்கதவுக்குப் பக்கத்தில்
சுவரோடு ஒட்டிக்கிடந்த வெள்ளைப் பெட்டியை மட்டும்
நொத்தாரிசு எழுதவில்லை.

லொக்குகே பதினொரு திறப்புகள் தந்தார்.
ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல்.
நாலே நாலு இலக்கத்தை மறந்துவிட்டு
ஒக்லண்டுக்கு விமானம் ஏறினார்.

முதல் இரவு இரண்டு மணிக்கு
வீடு விக்கியது.
நாற்பது வினாடிக்கு ஒரு விக்கல்.
"ஆரோ நினைக்கினம்" என்றுவிட்டு
தயாபரன் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
தண்ணீர் கொடுத்து நிறுத்தக்கூடிய விக்கலா அது?

லொக்குகேயிடம் கேட்டு எழுதினேன்.
மகன் பிறந்த வருடம், இல்லாவிட்டால்
நாய் செத்த வருடம் போட்டுப் பாருங்கள் என்றார்.
மூன்றாம் பிழைக்கு அது கத்தத் தொடங்கியது.
பலாவிலிருந்த காகங்கள் எழும்பின.
ஒழுங்கையில் ஒரு விளக்கும் எரியவில்லை.
எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மட்டும்
மெதுவாகச் சாத்தப்பட்டது.
அந்தச் சாத்தும் சத்தம் எனக்குத் தெரியும்.

பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் ஒரு பட்டியல்.
சிங்களம். மகள் வாசித்துச் சொன்னாள்:
ஒன்று, முன்கதவு. இரண்டு, குசினி.
மூன்று, புத்தாவின் அறை.
(அங்கேதான் என் தையல் மெஷின் இருக்கிறது.)
நாலாவது அழிந்துபோயிருந்தது.
எல்லா இரவும் அடிப்பது அதுதான்.
ஒருவர் சுவரைத் தட்ட, ஒருவர் பெட்டியைப் பார்க்க,
வீடு முழுக்கத் தேடினோம்.
சொந்த வீட்டில் கள்ளரைப் போல.

ஞாயிறு பின்னேரம்
பள்ளி வெள்ளைச் சட்டைகளை அயர்ன் பண்ணும்போது
தெரியாத நம்பர். ஆண்குரல். சிங்களம்.
கடவத்தையில் ஓட்டோ ஓடுகிறாராம், பெயர் சுமித்.
"மிஸ், மார்ச்சில் இந்த சிம் வாங்கினேன்.
அன்றிலிருந்து இந்த நம்பரிலிருந்து
ராவில் ஒரு பொம்பிளை இங்கிலீஷில் பேசுறா.
லொத்தர் எண்டு நினைச்சன்.
போன கிழமைதான் பிள்ளையிட்டைக் கேட்டன்,
வீட்டுக்குள்ள ஆரோ வந்திட்டினமாம்.
அதுக்குப் பிறகு நித்திரை இல்லை.
உண்மையா ஆரும் வந்திருக்கினமோ?"

வாயில் சிங்களம் வர நேரம் எடுத்தது.
கொட்டாஞ்சேனை அனெக்ஸ் வாசலில்
ஒரு காலம் இதே கேள்வி, கையில் படிவத்தோடு:
உள்ளே எத்தனை பேர், எங்கிருந்து, ஏன், எவ்வளவு நாளைக்கு.
அப்போதெல்லாம் கேட்டு முடிக்க முன்னமே
பதில் சொல்லிவிடுவேன்.

"ஓம்" என்றேன்.
"வந்திருக்கினம். நாங்கள்தான்."
கொஞ்சம் பொறுத்து, சிரித்தார்.
"அப்ப சரி, மிஸ். கவனமா இருங்கோ."

மாளிகாவத்தை ரஸ்மின் ஏணியோடு வந்தார்.
படிக்குக் கீழே, மீற்றர்ப் பலகைக்குப் பின்னால்
நாலாவது கண் இருந்தது.
அதற்குள் ஒரு பல்லி, இரண்டு முட்டை.
பல்லி சொன்னால் பலன் பார்க்கிற சனம் நாங்கள்,
ஆனால் இது வாயே திறக்கவில்லை,
அசைந்துதான் கடவத்தைக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது.
வயரை வெட்டும்போது ரஸ்மின்
முட்டைகளைப் பத்திரமாக
ஒரு பழைய பல்ப் பெட்டியில் வைத்தார்.

அன்று இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது.
விக்கலுக்காகக் காத்திருந்தேன்.
கால்வாய்ப் பக்கம் ஏதோ தண்ணீரில் இறங்கிற்று.

காலையில் லொக்குகேக்கு எழுதினேன்:
அலாரத்தைக் கழற்றிவிட்டோம்.
இத்தனை நாளும் அது இந்த நம்பருக்கு
அடித்துக்கொண்டிருந்ததாம்.
எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது.
மறுபடியும் எழுதுகிறார் என்று காட்டியது.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.

"அது சந்திராணியின்ர நம்பர்.
அவ போய் ரெண்டு வருஷம்."

பிறகு, தனியாக:
"ஆர் எடுத்தது?"

கடவத்தையில் ஒரு ஓட்டோக்காரர் என்று எழுதினேன்.
அனுப்பியது போதாமல்
இன்னொன்றும் அனுப்பினேன்:
ஒவ்வொரு முறையும் எடுத்திருக்கிறார்.