துவக்கு

லித்கோவில் ஆலங்கட்டி மழை. சனிக்கிழமை.
அருங்காட்சியகத்தில் நானும் ஹீட்டரும் மட்டும்.

நாடு பிறந்து பதினோரு வருடம்,
சொந்தமாய்த் துவக்குச் செய்ய ஆசை.
மெஷின் அமெரிக்காவிலிருந்து,
வரைபடம் இங்கிலாந்திலிருந்து,
நிலக்கரி மட்டும் இந்தப் பள்ளத்தாக்கினது.

பொருத்தினால் பொருந்தவில்லை.
அரம் தேய்ந்தது, மேஸ்திரி கத்தினான்.
கிளாரன்ஸ் பெட்லி என்றொரு ஃபிட்டர்
பென்சிலால் குறித்திருக்கிறான்:
அவர்கள் அங்குலமும் இவர்கள் அங்குலமும் ஒன்றல்ல,
ஒரு மயிரை ஏழாய்க் கிழித்த கீற்று வித்தியாசம்.
நம் அங்குலம் எது?

அடுத்த பக்கம் சம்பளக் கணக்கு.
அதற்கடுத்தது 1914.

பிறகொரு காலம் அதே பட்டறையில்
கைவிலங்கு கடைந்தார்கள், தையல் மெஷின்,
ஆட்டுமயிர்க் கத்தரி.

எங்கள் பக்கத்தில்
துவக்கு முந்திக்கொண்டது.
தண்ணிக் குழாய், ஆணி, சைக்கிள் ஸ்பிரிங்;
யோகச்சந்திரன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குள்
முதலாவதைச் செய்தோம்.
இடது பக்கம் இழுத்தது.
அங்குலம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
நாடு வரவில்லை.

பார்வையாளர் புத்தகத்தில் இன்று பெயர் இல்லை.
பெட்லியின் கலிப்பரைத் துடைத்து
இறுக்கி மூடுகிறேன்.
தாடைகளுக்கு நடுவே
வெளிச்சம் கசிகிறது.