ஐம்பது மீன்

மரப்பலகை ஆலையின் இடைவேளை அறையில்
சாயம் போன கொடி ஒன்று.
நீலத்தில் ஐம்பது மீன்.
அதில் எந்த ஒன்றில் குடியேறினால்
தூண்டிலுக்கு நல்லது என்று
தினமும் பதினைந்து நிமிடச் சண்டை.

லூசியானா என்பான் வெர்னெல்.
உப்பும் நன்னீரும் கைகலக்கும் சதுப்பில்
வாலில் கரும்பொட்டு வைத்த ரெட்ஃபிஷ்,
டிசம்பரிலும் சட்டையில்லாமல் நிற்கலாம்.
கெர்ஹார்டுக்கு மினசோட்டா.
உறைந்த ஏரிமேல் லாரியை நிறுத்தி
பனியில் துளையிட்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார வேண்டுமாம்,
பேசாத பெண்டாட்டி வாய்த்தால் இன்னும் நல்லதாம்.
"மொன்டானாவில் ட்ரவுட்டைப் பிடித்து
முத்தமிட்டு ஆற்றில் விட்டுவிடுவோம்"
என்றாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தெல்மா.
பிறகு எதற்குப் பிடித்தாய் என்றதற்கு
சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டாள்.

அவரவர் விட்டுவந்த மாநிலத்துக்கே
அவரவர் ஓட்டு.
இந்தியானாவுக்கு ஒரு கையும் எழவில்லை.

"லோனி, நீ?"

எனக்கு இன்னும் பதினான்கு மாதம்
மாநில எல்லை தாண்டக் கூடாது.
பரோல் தாளில் ஏழாவது வரி.
மிஸ் ப்ரூயெட் இருமுறை வாசித்துக் காட்டினார்,
கையெழுத்திடும் இடத்தில்
பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்காமலா?
உள்ளே, நூலக அலமாரியில்,
அட்டை கிழிந்த அலாஸ்கா மீன்பிடிக் கையேடு ஒன்று.
எந்த ஆற்றில் எத்தனை சால்மன்,
எத்தனை அங்குலத்துக்குக் குறைந்தால் திருப்பிவிட வேண்டும்,
ஆறு வருடம் மனப்பாடம் செய்தேன்.
நான் பார்த்த ஒரே கடல்
அதன் முப்பத்தொன்றாம் பக்கத்தில்
காப்பிக் கறையோடு இருந்தது.

ஞாயிறுகளில் நடந்துபோகும் தூரத்தில்
எனக்கு ஓர் ஆறு.
பெயர் ஒஹையோ,
கரை இந்தியானா,
நீர் கென்டக்கி.

பழைய கணக்கு.
ஆயிரத்தெழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டில்
இந்தப் பக்கம் நீர் எங்கே வற்றி நின்றதோ
அங்கே எல்லை என்று எழுதிவிட்டார்கள்.
பிறகு அணைகள் வந்தன, ஆறு வீங்கியது.
கோடு இப்போது அடியில் எங்கோ
சேற்றோடு கிடக்கிறது.
மாநிலம் என்ற சொல்லில் நிலம்தான் இருக்கிறது;
மீன் அதைப் படித்ததில்லை.

என் இந்தியானா லைசென்ஸ்
அந்த நீருக்கும் செல்லும்.
லைசென்ஸ் செல்லும்.
நான் செல்ல முடியாது.

கணுக்கால் நனையாமல் நின்று
வீசினேன்.
ஈயக்குண்டு பறந்து
கென்டக்கியில் விழுந்தது.

சத்தியமாக இரண்டு நாள் தூக்கமில்லை.
புதன்கிழமை நானே கேட்டுவிட்டேன்,
தூண்டில் எல்லை தாண்டினால் குற்றமா என்று.
மிஸ் ப்ரூயெட் கோப்பிலிருந்து நிமிரவில்லை.
"கால் எங்கே இருந்தது?"
"இந்தியானாவில்."
"ஷூ நனைந்ததா?"
"இல்லை."
எதையோ எழுதினார்,
தலைகீழாக என்னால் வாசிக்க முடியவில்லை.
கிளம்பும்போது,
"என்ன இரை?"
"கோழி ஈரல்."
"என் அண்ணன் சோப்பு வைப்பான்.
வெள்ளைச் சோப்பு."

அடுத்த ஞாயிறு சோப்பு வைத்தேன்.
விளக்குப் படகொன்று நிலக்கரி இழுத்துப் போய்
அலை அடங்கிய நேரம்
கோல் வளைந்தது.
இருபது நிமிடம்.
மீசை வைத்த நாலு பவுண்டு கென்டக்கிக்காரன்,
ஒரு தாளும் இல்லாமல்,
எவரிடமும் கேட்காமல்
கோட்டைக் கடந்து என் காலடிக்கு வந்தான்.
கொக்கியைக் கழற்றுகையில்
முள் குத்தி ரத்தம்.
வாயில் சோப்பு நுரை.

வறுத்தேன். கொஞ்சம் கசந்தது. முழுதும் தின்றேன்.

திங்கள்கிழமை கொடியின் கீழே
கட்டைவிரல் கட்டைப் பார்த்து மறுபடி கேட்டார்கள்.
எதிர்க்கரை தெரிகிற மாநிலம் எதுவோ
அது என்றேன்.

செல்லாத ஓட்டு என்றான் வெர்னெல்.
மணி அடித்தது.